பெயர் மாற்றக் கோரி

சத்துவாச்சாரி. மாடி அறை. ஏப்ரல்.
இரவு பதினொன்றுக்கும் சுவர் சுடுகிறது.
மடிக்கணினிக்கு அடியில் இரண்டு தீப்பெட்டிகள் முட்டுக்கொடுத்து,
காற்று போக.
சம்பளம் தரும் வேலையை மூடிவிட்டுச்
சம்பளமில்லாததைத் திறக்கிறேன்.

சுருக்கு. அதுதான் பெயர்.
நீளமானதைக் கொடுத்தால் குட்டையாக்கித் தரும்.
காசில்லை. உள்ளே பார்க்கலாம், பிரித்துப் போடலாம்,
திருத்தித் தன்னுடையதாக வைத்துக்கொள்ளலாம்.
யாரும் அப்படிச் செய்வதில்லை.
கேட்கிறார்கள்.

காந்தி ரோடு லாட்ஜில் கணக்கெழுதும் கஜபதி:
"கல்கத்தாவிலிருந்து வந்தவங்க ரிப்போர்ட்டை நீட்டுறாங்க சார்.
நாலு பக்கத்தை நாலு வரியாக்குது உங்க மிஷின்.
நேத்து ஒரு வார்த்தை விட்டுப்போச்சு.
'இல்லை'ங்கிற வார்த்தை.
மூணு மணிநேரம் அந்தம்மா படிக்கட்டுலயே உட்கார்ந்திருந்தாங்க."

நான் சார் இல்லை. அது அவசரமில்லை.
அந்த 'இல்லை'தான் அவசரம்.
அன்றிரவே விதி எழுதினேன்:
எதை வெட்டினாலும் இல்லை, அல்ல, கூடாது, மாட்டாது
இவற்றைத் தொடாதே.
ஆனால் இந்த மொழியில் இல்லை என்பது
வினையின் வயிற்றுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.
பரவிய. பரவாத.
எண்ணிப் பார்த்தால் இரண்டுக்கும் நான்கெழுத்து.

மேல்விஷாரம் அக்தர் பாஷா ஒரு மனுவைக் கொடுத்திருந்தார்,
தோல் ஷாப் கழிவு பாலாற்றில் இறங்குவது பற்றி.
என் நிரல் பாலாற்றைப் பிரித்துப்
பால் என்றது, ஆறு என்றது,
ஆறு லிட்டர் என்று முடிவும் கட்டிவிட்டது.
"எங்க ஆத்துல தண்ணியே இல்ல, நீங்க பால் ஊத்துறீங்க"
என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை ஒன்று போட்டிருந்தார்.
அதற்குக் கீழே, பொம்மை இல்லாமல்:
"நாப்பத்திமூணு பேர் கையெழுத்து இருக்கு.
சுருக்கத்துல 'பலர்'னு வருது.
ஆபீஸ்லயும் அப்படித்தான் சொல்றாங்க.
அதுக்கு நீங்க எதுக்கு?"

பதில் எழுதவில்லை.
இன்றுவரை நிலுவையில் இருக்கிறார்கள் நாற்பத்து மூன்று பேரும்.

குடியாத்தம் கல்லூரிப் பையனுக்குப்
பத்து மார்க் அளவில் நிற்க ஒரு பொத்தான் வேண்டும்.
ஆற்காட்டு வக்கீல் குமாஸ்தாவுக்கு
சர்வே எண்ணில் புள்ளிகூடக் குறையக் கூடாது.
பெயர் போடாத ஒருவர் கேட்டார்:
இதை நீட்டவும் வைக்க முடியுமா,
தலைவர் அரை மணி பேசணும்,
கையில ரெண்டு வரிதான் இருக்கு.

பிறகு ஒடுகத்தூர் பூங்காவனம்.
தாசில்தாருக்கு எழுதிப் பழகிய கை:
"ஐயா, தங்கள் செயலி உபயோகமாக உள்ளது.
என் மகளின் வழக்குக் காகிதங்களை
அதில் போட்டுத்தான் புரிந்துகொள்கிறேன்.
பெயரை மட்டும் மாற்ற முடியுமா.
ஒவ்வொரு தரமும் அதைத் தொட்டுத்தான்
திறக்க வேண்டியிருக்கிறது.
இப்படிக்கு."

காரணம் தெரிவிக்கவும் என்று தட்டினேன், வழக்கம்போல.
விரல் அனுப்பப் போகும்போது
நான் வைத்த பெயரை முதல்முறையாக
இன்னொருவர் கண்ணால் வாசித்தேன்.
தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
எழுந்துபோய் நிறுத்தினேன்.
வியர்த்தது. வியர்க்கட்டும்.

இருநூற்றுப் பதினேழு இடங்களில் அந்தச் சொல்.
ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றப் போய்
எழுத்துச்சுருக்கு, விலைச்சுருக்கு என்று
பிறர் எழுதிவைத்த மாதிரி வாக்கியங்களும் கெட்டன.
மறுபடி சரிசெய்து முடிக்கையில்
காட்பாடிப் பக்கம் விடியற்கால ரயில் ஊதியது.
புதுப் பெயர்: கைப்பிடி.
அவ்வளவு நல்ல பெயரில்லை. தூக்கத்தில் கிடைத்தது.

காலை ஒன்பதுக்குக் கஜபதி:
"தேடித் தேடிப் பார்த்தேன் சார். கைப்பிடியா?
பழைய பேரு நல்லாத்தானே இருந்துச்சு?"

இல்லை, என்று எழுதினேன்.
அந்த ஒரு சொல் மட்டும்.