வடியும் இடம் வேறு

கார் ஷெட்டின் சிமெண்டுத் தரையில்
பச்சையாய் ஒரு சொட்டு.
பக்கத்தில் இன்னொன்று.
பால்வெட்டும் சிரட்டை ஒன்றைக் கீழே வைத்திருக்கிறான் கில்பர்ட்.
விடிவதற்குள் அது நிறைந்துவிடுகிறது.
"நல்லா வெள்ளம் குடிக்குது" என்கிறான்,
கன்றுக்குட்டியைப் பற்றிச் சொல்வதுபோல.

குடிப்பது என் குவைத் சம்பளத்தையும்தான்.
அதை நான் சொல்லவில்லை.
லீவில் இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.

மோரிஸ் மைனர். எங்கள் இருவரையும்விட மூத்தது.
திங்கள் காலை பத்தரைக்கு
மஞ்சாலுமூட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும்,
முகப்பில் ரிப்பனும் ரோஜாவுமாக.
அட்வான்ஸ் வாங்கியாயிற்று, செலவும் ஆயிற்று.
இன்று ஞாயிறு.
மார்த்தாண்டத்தில் ஸ்பேர் கடை திறந்திருக்காது,
திறந்திருந்தாலும் இதற்கு ஒன்றும் இருக்காது.

பம்ப் என்றான்.
கீழ் ஹோஸ் என்றான், கிளிப்பை முறுக்கினான்.
ரேடியேட்டர் என்றான்.
ஆராதனைக்குப் போகாததால்தான் என்றாள் மாமியார், ஜன்னல் வழியே.

பதினொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் நான்.
ரத்தம் தெரிகிற இடத்தில் காயம் இருப்பதில்லை.
சற்று மேலே இருக்கும், ஏதாவது ஒரு மடிப்புக்குள்.

முதலில் துடை என்றேன். எல்லாவற்றையும்.
பிள்ளையின் பவுடர் டப்பாவைத் தட்டி
எஞ்சின் முகமெல்லாம் பூசினேன்.
ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகிற குழந்தைபோல வெளுத்து நின்றது.
ஸ்டார்ட் செய்ததும் விசிறிக் காற்றில் பாதி பறந்து
கில்பர்ட்டின் மீசையில் படிந்தது.

நான்கு நிமிடம். ஐந்து.
பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே
வெளிச்சம் நுழையாத சந்தில்
பவுடரை நனைத்துக்கொண்டு ஒரு கோடு இறங்கியது.
கண்ணீர்போல என்று எழுதினால் பொய்.
வியர்வைபோலக்கூட இல்லை.
கசிவுபோல இருந்தது.

பெருவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் குழாய்,
அவ்வளவுதான்.
அதை மாற்ற ரேடியேட்டரை இறக்கவேண்டும்,
பம்பை அவிழ்க்கவேண்டும்.
நான்கு போல்ட்டில் ஒன்று
மண்ணெண்ணெய்க்கும் கெட்ட வார்த்தைக்கும் மசியாமல்
மத்தியானச் சோறு ஆறும்வரை நின்றது.

ஷெட்டைச் சுற்றி நாலு பக்கமும் ரப்பர் மரம்.
இரண்டு அங்குலம் ரப்பருக்கு நாங்கள்
பைக்கில் வெட்டுமணி வரை போனோம்.
லாரி ஒர்க்‌ஷாப் தங்கையன் தூக்கம் கலைந்து வந்து
ஹோஸில் ஒரு துண்டு நறுக்கித் தந்தார்.
காசு வேண்டாம், கொஞ்சம் கல்யாணப் பிரியாணி என்றார்.

கேஸ்கட் கிழிந்திருந்தது.
தடித்த அட்டை தேடி வீட்டைக் கலைத்து
கடைசியில் அந்தக் கல்யாணக் கார்டையே எடுத்தேன்.
நல்ல கத்தரி என் பெட்டியில் எப்போதும் உண்டு.
வளைவோடு வெட்டியதில்
மணமகள் ஷைனியின் 'ஷை' பம்புக்குள் போயிற்று,
'னி' தரையில் விழுந்தது.
கிரீஸ் பூசி வைத்து இறுக்கினோம்,
எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக.
அவன் ஸ்பேனர் பிடித்த கையும்
நான் டார்ச் பிடித்த கையும்
ஒரே இருட்டுக்குள் நெடுநேரம் இருந்தன.
வந்த இந்த மூன்று வாரத்தில்
இவ்வளவு பக்கத்தில் நாங்கள் இருந்தது குறைவு.

இந்தக் காரில் சூடு காட்டும் முள் கிடையாது.
மூக்குதான் முள்.
திங்கட்கிழமை, மஞ்சாலுமூட்டு ஏற்றத்தில்,
பின்சீட்டில் வெள்ளைப் பட்டு சரசரக்க,
முன்சீட்டில் டிரைவரின் பெண்டாட்டியாக உட்கார்ந்து
மூச்சை இழுத்திழுத்து மோந்தேன்.
மல்லிகை. பெட்ரோல். மாப்பிள்ளையின் சென்ட்.
கருகிய இனிப்பு வாசம் வரவில்லை.
கில்பர்ட் புருவத்தால் கேட்டான்.
இல்லை என்று தலையசைத்தேன்.

அன்றிரவு அடியில் பழைய பேப்பர் விரித்து வைத்து
செவ்வாய் விடியலில் குனிந்து பார்த்தோம்.
பச்சை இல்லை.
ராசிபலனுக்கு மேலே, ஒரு ரூபாய் அகலத்தில்,
கறுப்பாய் ஒன்று.

ஆயில் என்றான்.
தெரியும் என்றேன்.
இன்னும் ஏழு நாள் இருக்கே என்றான்.