கட்டிட வகை: ஒன்றை மட்டும் எழுதவும்

வங்கிப் படிவத்தில் எட்டாவது கேள்வி.
பக்கத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு கோடு.
மரமோ தகரமோ கல்லோ கான்கிரீட்டோ,
ஒரு சொல்லுக்கு மேல் அதில் கொள்ளாது.

ரோஸ்ஹில்லில், மெட்ரோ ஓடும் சாலைக்கு
இரண்டு தெரு தள்ளி
மதாம் ஆர்மூகத்தின் வீடு.
கப்பலேறியவர் ஆறுமுகம்.
இறங்கியபோது எழுத்தரின் பேனாவில் ஆர்மூகம் ஆனார்;
முகங்கள் எத்தனை என்று
அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

நான் பின்பக்கத்திலிருந்துதான் அளப்பேன்.
முன்பக்கம் விருந்தாளிக்காகப் பவுடர் போட்டிருக்கும்.

சமையலறை. எரிமலைக் கல்,
பவழம் சுட்ட சுண்ணாம்பு.
பன்னிரண்டுக்குப் பத்து அடி.
ஏன் இவ்வளவு சின்னது என்றேன்.
கரும்புத் தோட்டத்து லயத்தில்
சோகை வேய்ந்த குடிசை அந்த அளவாம்.
கல் வாங்கக் காசு வந்தபோதும்
கட்டியவருக்கு வேறு அளவு தெரியவில்லை.
குடிசை போய்விட்டது,
அதன் நீள அகலம் இன்னும் குடியிருக்கிறது.

அடுத்து மர அறைகள் இரண்டு,
தெருவைப் பார்த்து ஒரு வராங்.
முதலாளி மாளிகையின் வராங்கில்
தொப்பியைக் கழற்றி நிற்க மட்டும் அனுமதி பெற்றவர்
தனக்கென்று ஒன்று கட்டி
அதில் உட்கார்ந்தார்.
மூன்று நாற்காலி போடலாம்.
நான்காவது போட்டால் கதவு திறக்காது.
கூரை விளிம்பில் தகரத்தில் வெட்டிய சரிகை,
மாளிகையில் இருந்ததைவிட
ஒரு பூ அதிகம்.

அறுபதில் கரோல் புயல்.
கூரை எழுந்து போய்
மாதா கோயில் சுவரில் சாய்ந்து நின்றதாம்,
மன்னிப்புக் கேட்பது போல.
அந்த வருஷத்தோடு இந்தத் தீவு
வெயிலுக்காக வீடு கட்டுவதை விட்டது;
காற்றுக்காகக் கட்டத் தொடங்கியது.
தட்டைக் கூரை, ஒன்பது அங்குலச் சுவர்.
சுவரில் நான் அளந்தது பயத்தின் கனம்.
புயல் வருஷத்துக்கு இரண்டு நாள்.
மிச்ச நாளெல்லாம் அடுப்புக்குள் குடித்தனம்.
பிறகு ஏசி வந்தது, தவணையில்.

மொட்டைமாடியில் கம்பிகள்,
வராத மாடிக்காகத் தூக்கிய கைகள்.
ஒவ்வொன்றின் தலையிலும்
கவிழ்த்த பிளாஸ்டிக் பாட்டில்.
"துரு பிடிக்கக் கூடாதில்லையா" என்றார்.
"இருபத்திரண்டு வருஷமா மூடி வெச்சிருக்கேன்.
கடன் கிடைச்சா கட்டிடுவேன்."

வரைபடத்தை விரித்தார்.
மேல்மாடியில் வராங். சாய்ந்த கூரை.
மர நிறத்தில் பெயின்ட்,
ஃபைபரில் வார்த்த சரிகை.
ஓரத்தில் எழுதியிருந்தது: கிரெயோல் பாணி.
சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்காம்.
கான்கிரீட்டில் படுத்தால்
அவர்களுக்குத் தீவு வந்த மாதிரியே இல்லையாம்.

மேலே போகப் போக வீட்டுக்கு வயது குறையும் என்று
படித்து வந்தவன் நான்.
இந்த வீட்டில் மாடிதான்
தரைத்தளத்துக்குத் தாத்தா.

"பழைய தகரச் சரிகை இருக்கிறதா?
அதற்கு இப்போது நல்ல விலை."
கொல்லைக்குக் கூட்டிப் போனார்.
கோழிக்கூண்டின் நெற்றியில் அது,
ஒரு பூ அதிகமாகவே.
கழற்றித் தரலாமே என்றேன்.
"கோழிக்கும் மழை உண்டே, மிஸ்யே."

படிவத்தை முழங்காலில் வைத்து
கான்கிரீட் என்று எழுதினேன்.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி
ஒன்பதாம் கேள்வியில் போய் முட்டியது:
கட்டி முடித்த ஆண்டு.
நான்கு கட்டங்கள்.

கேட்டேன்.
அவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.
காற்றில் ஒரு பாட்டில் மட்டும்
கழன்று உருண்டுகொண்டிருந்தது.