முழுப்பேர்

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்றான் நிலந்த,
நோர்வூட்டிலிருந்து பாண் வேன் ஓட்டி வருகிறவன்.
ஏழு குட்டியில் கடைசி. ஒரு காது மட்டும் கறுப்பு.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா.
முதலில் தரையில் குந்திப் பார்த்தேன்,
பிறகு கன்னம் சிமெந்தில் படப்
படுத்தே பார்த்தேன், அதன் உயரத்துக்கு.
பதினாலு வருசம் குடியிருந்தும்
நான் போகாத வீடொன்று அங்கே இருந்தது:
டீவிக்குக் கீழே தொங்கும் வயர்,
கட்டிலடியில் எலிப்பாசாணம்,
தேர்த் திருவிழாவில் தொலைந்த கொலுசுத் திருகு,
மருதவீரன் விட்டுவிட்டதாகச் சொன்ன பீடி.

வயரை ஆணியில் தூக்கிக் கட்டினேன்.
பாசாணம் கூரைச் சட்டத்துக்குப் போனது.
பீடியை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டேன்.
பிறகு யோசித்து அதையும் எடுத்தேன்,
குட்டி தின்றுவிடுமே.

போன மார்கழியில்
ஏழாம் நம்பர் மலையிலிருந்து சிறுத்தை இறங்கியது.
ஆறாவது வீட்டு இஸ்தோப்பில் விடியும்போது
சங்கிலி இருந்தது. பட்டி இருந்தது.
பட்டியின் கொளுக்கி கழரவேயில்லை.
நாய்னா வாசல்லதான் படுக்கணும் என்றார் மருதவீரன்.
அப்போ நீங்களும் அதோட வாசல்லயே படுங்க என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கொல்லைப்புறத்தில்
பலகை அறுக்கிற சத்தம்.

பெட்டிக்குள் விரிக்கக் கிழிந்த கொழுந்துச் சாக்கு,
நாலு தரம் பீலியில் அலசியும்
பச்சை வாடை போகவில்லை.
இருக்கட்டும். எங்களுக்கும் அதே வாடைதான்,
சீக்கிரம் அடையாளம் தெரிந்துகொள்ளும்.

மகன் டினுஷன் காலண்டர் தாளின் பின்பக்கம்
நேரசூசி போட்டு ஒட்டியிருக்கிறான்.
ஆறு மணி மூத்திரம்.
ஆறேகால் சோறு.
ஆறரை மூத்திரம்.
பிற்பகல் கணிதம் என்று எழுதி
அடித்துவிட்டு, மூத்திரம்.

பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில்
மலையிலிருந்து லயத்துக்கு ஓடி வந்து போகலாமா?
வியாழக்கிழமை ஓடிப் பார்த்தேன்.
இறங்கப் பதினொன்று, ஏறப் பத்தொன்பது நிமிடம்,
கணுக்காலில் மூன்று அட்டை.
என்னா, அடுப்புல பால வச்சிட்டு வந்தியா என்றார் கங்காணி.
ஆமாங்க என்றேன்.
அந்தியில் நிறுவையில் இரண்டு கிலோ குறைந்து
அரைப்பேர் விழுந்தது.

அடுத்த வீட்டு அமராவதிக்கு ஸ்டோரில் இரவு வேலை.
பத்து மணிக்கு நான் தொறந்து விடுறேன் என்றாள்.
நடுச்சுவர் கூரையைத் தொடாத லயம்,
பகலில் நீ தூங்கும்போது குட்டி அழுமே என்றேன்.
ஒம் மகன் ஒம்பது மாசம் அழுதான்,
நான் செத்தா போனேன்?

டினுஷனுக்கு டைகர் என்று கூப்பிட ஆசை.
டவுன் சந்தியில் நின்று
சத்தமாகக் கூப்பிட முடியாத பேர் வேண்டாம்
என்றார் அவன் அப்பா.
பையன் ஏன் என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி.
பதினெட்டுக் கிலோவுக்குப் பேர்,
மழை அடித்துப் பாதியில் இறங்கினால் அரைப்பேர்.
ஒரு கொழுந்து கிள்ளாமல்
முழுப்பேர் வாங்கப் போகிற முதல் ஆள்
இந்த லயத்துக்கு வருகிறது.
என்ன பேர் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.

சனி இரவு மூன்று மணிக்கு
விழிப்பு வந்துவிட்டது, அலாரம் வைக்காமலே.
டார்ச்சை எடுத்தேன். தாழ்ப்பாளை நீக்கினேன்.
பனி முழங்கால் வரை நின்றது.
முதலில் மலைப்பக்கம் வெளிச்சம் அடித்து,
பிறகு கானோரம் அடித்து,
ஒரு குட்டிக்கு எவ்வளவு நேரம் பிடிக்குமோ
அவ்வளவு நேரம் நின்றேன்.
திரும்பி வந்து கதவைச் சாத்தும்போது
போர்வைக்குள்ளிருந்து அவர் கேட்டார்:
போயிருச்சா?

போயிருச்சு, தூங்குங்க.