மன்னிப்பு, ஏழு முறை

டோர்ஷாவ்ன் துறைமுகத்தில் ஓர் அறை. ஜன்னலில் மழை.
மீன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
நேராக வந்திருந்தாள் சுன்வா.
"சோதனை உங்களுக்கல்ல, இணையதளத்துக்கு" என்றேன்.
தலையாட்டினாள். நம்பவில்லை.

படகு டிக்கெட்டை ரத்து செய்யவேண்டும், அவ்வளவுதான்.
அம்புக்குறி மேலே போனது, கீழே வந்தது,
வலது மூலையில்
ஒன்றுமே இல்லாத வெள்ளையில் நின்று
தட்டியது.
"மன்னிக்கணும், நான் ஒரு மக்கு."
உதவக் கூடாது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மறுபடி அதே வெள்ளை.
மறுபடி மன்னிப்பு.

நேற்று வந்த ஹெரி, கணக்கு வாத்தியார்,
அவரும் அங்கேதான் தட்டினார்.

குறிப்பேட்டில் ஏழு கோடுகள்.

சாம்பல் பூசிக்கொண்டு அடியில் பதுங்கியிருந்த பட்டனை
அவள் தேடிய மூலைக்கே
மாலையில் குடியேற்றினோம்.

மவுஸில் இன்னும் மீன் வாடை.