நான்கு சதவீதம்

கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
திருச்சி வரைக்கும் கோடு போட்டிருந்தாள் விஜிலா.
மார்த்தாண்டம் நூறு.
கயத்தாறு நாற்பத்திரண்டு, சாயா, எண்பது வரை.
விருதுநகர் தாண்டி ஒன்று,
அது செத்துக் கிடந்தால் அடுத்தது,
அதுவும் செத்தால்
பென்சிலில் யாரோ ஒருவரின் கைபேசி எண்.

டிக்கியில் மட்டிக்குலை இரண்டு,
அவள் தம்பியின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு.
பதினெட்டு கிலோ என்று அதையும் கூட்டியிருந்தாள்.
ஓரத்தில் பொடி எழுத்தில்:
ஆரல்வாய்மொழி, ஆடிக்காற்று முதுகில். நான்கு சதவீதம் லாபம்.
வரும்போது திருப்பிக் கட்டணும்.

இரவு பதினொன்றேகாலுக்கு
எங்கோ ஒரு ரப்பர் கொம்பு கம்பியில் விழுந்தது.
விடியும்வரை காரின் மூக்கில் வயர் சும்மா தொங்கியது.
ஐம்பத்திரண்டு.
அவள் நூறை அடித்தாள்,
கீழே இருந்த எல்லாவற்றையும் அடித்தாள்,
ஏசி வேண்டாம் என்றாள்.
தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் மேம்பாலம்,
செங்கல் லாரிக்குப் பின்னால் அடங்கிப் போனோம்.
என் கால் கொஞ்சம் அழுத்தினால்
'ம்' என்பாள்.

தோவாளை தாண்டியதும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது.
கணவாய் முழுக்கக் காற்றாலைகள்.
இத்தனை கரண்டு தலைக்கு மேலே சுற்ற
எங்களுக்கு வேண்டியதோ இருபது யூனிட்.

ஓட்டலின் பின்னால், லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்
சார்ஜர். இரண்டு கன்.
ஒன்றுக்கு மஞ்சள் பையை மாட்டிக் கட்டியிருந்தது,
செயலியில் இரண்டும் பச்சை.
ஓடிபி வரவில்லை. வந்தது. காலாவதி. மறுபடி வந்தது.
முப்பத்து மூன்று.
முப்பத்து நான்கு.
பால் பொங்குகிறதா என்று நிற்பவனைப் போல் நின்றேன்.

நாற்பத்தொன்றில் ஒரு வெள்ளைக் கார் வந்து ஒதுங்கியது.
பின்சீட்டை மடக்கி, கூரை முட்ட பிச்சி மொட்டு.
கண்ணாடியெல்லாம் வியர்த்திருந்தது, உள்ளே அவ்வளவு குளிர்.
சுயம்புலிங்கம் என்றார்.
"மூணு மணியிலேருந்து பூவுக்கு ஏசி ஓடுது,
வண்டி ஒம்பதுல நிக்கி.
பாளையங்கோட்டையில கொடை. உச்சிப் பூசைக்குச் சாத்தணும்.
ஏசியை அணைச்சா மொட்டு வெடிச்சிரும்.
போட்டா நடுவழியில படுத்துரும்."
வேறொன்றும் கேட்கவில்லை.
கேட்காமலே நின்றார். அதுதான் சங்கடம்.

நோட்டைப் பார்த்தேன்.
அதில் பூவுக்கு வரி இல்லை.

இரண்டு சாயாவோடு வந்த விஜிலா
கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள்.
"எத்தனை கிலோ?"
"நாப்பத்தஞ்சு."
"ஏசியோட போனாலும் முப்பத்தெட்டு போதும்.
காத்து தள்ளும், நாலு கழிச்சுக்கிடுங்க."
எங்கள் வண்டியிலிருந்து கன்னைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.
என் சாயாவையும்.

முக்கால் மணி நேரம்.
லாரிக்காரர் ஒருவர் வந்து
இதுக்கு மைலேஜ் என்ன, அடைமழையில் ஷாக் அடிக்குமா என்று கேட்டார்.
சொன்னேன். நம்பவில்லை.

போகும்போது சுயம்புலிங்கம் ஒரு பந்து பூ நீட்டினார்.
"வெயிட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினாள்.
நாங்கள் மறுபடி செருகியதும்
பெட்டி ஒருமுறை விக்கியது,
'பிழை' என்றது, அணைந்தது.
சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். தட்டினேன்.
நீ என்ன டாக்டரா என்றாள்.

நாற்பத்தொன்று.
கார் கதவில் நோட்டை வைத்து, பறக்கும் தாளை முழங்கையால் அமுக்கி
முதலிலிருந்து எழுதினாள்.
திருச்சிக்கு மாலை ஐந்தென்று இருந்தது
இரவு பத்தானது.
பென்சில் எண்ணுக்குக் கீழே இன்னொன்று:
சுயம்பு, தோவாளை, பூ.

மூன்றாம் நாள் திரும்பி வருகையில்
அதே கணவாயில் காற்று முகத்தில் அறைந்தது.
நான்கு என்று வைத்திருந்தோம்,
ஏழு பிடித்துக்கொண்டது.
உள்ளே இன்னும் லேசாகப் பிச்சி மணம்.
விஜிலா நான்கை அடிக்கவில்லை.
பக்கத்தில் எழுதினாள்:
வட்டி மூன்று.