கால் சுற்று

வேனை விட்டு இறங்குமுன்பே
நோய் எங்கே என்று கதவு காட்டிவிட்டது.
கைப்பிடிக்குக் கீழே, வெள்ளைப் பிளாஸ்டிக்கில்,
முட்டி உயரத்தில் ஒரு கறுத்த வட்டம்.
யாரோ தினமும் இடிக்கிற இடம்.

வெர்னா பிளான்சார்ட் செய்தே காட்டினாள்.
"முதல்ல முழங்கால். அப்புறம் தோள்.
கைப்பிடியைத் தூக்கும்போது மூச்சை அடக்கணும்.
விட்டுட்டா மாட்டாது."
மூன்று வருஷமாக இப்படித்தான் என்றாள்,
ஏதோ மெடல் வாங்கியவள் குரலில்.

க்ரிம்ஸ்பியில் பிப்ரவரிக் காற்று
கடலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.
கதவிடுக்கில் அது விசிலடித்தது.
கையுறையைக் கழற்றி விரலை வைத்துப் பார்த்தேன்:
மேலே ஒரு காசு நுழையும். கீழே காகிதம்கூட நுழையாது.

எல்லோரும் பூட்டைத்தான் திட்டுகிறார்கள்.
பூட்டு பாவம்.
சரிந்தது கதவு, மூன்று மில்லிமீட்டர்.
உள்ளே மூன்று கொக்கிகள்
நிலையிலிருக்கும் துளைகளைத் தேடி
ஒவ்வொரு இரவும் பக்கத்துச் சுவரில் தட்டுகின்றன.
இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால்
சோப்புப்பெட்டி அளவிலான அந்தப் பல்சக்கரப்பெட்டி
நடுராத்திரியில் உடைந்திருக்கும்.
அவை நடுராத்திரியில்தான் உடையும்.

(கிளீத்தோர்ப்ஸில் ஒருவர், போன வாரம்.
ஜன்னல் கைப்பிடியின் சாவியைத் தொலைத்துவிட்டுப்
பதினோரு கோடை வியர்த்திருக்கிறார்.
அந்தத் தெரு முழுக்க ஒரே சாவிதான்,
என் கொத்திலேயே தொங்குகிறது என்றேன்.
தேநீர் தருவதாக இருந்தவர் தரவில்லை.)

கீழ்க்கீலின் மூடியை நெம்பினேன்.
ஆலன் சாவி. கால் சுற்று.
முழங்கால் மூன்று வருஷம் செய்ததைக்
கால் சுற்று செய்துவிட்டது.

ஒற்றை விரலுக்குக் கைப்பிடி எழுந்தது.
வெர்னா தூக்கினாள், இறக்கினாள், தூக்கினாள்.
"இவ்வளவுதானா?"
குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டாள்.
அவசரமில்லாமல் எண்ணெய் விட்டேன்,
நாற்பத்தைந்து பவுண்டுக்கு ஒரு மரியாதை வேண்டுமல்லவா.

வியாழக்கிழமை போன் வந்தது.
"கதவு சத்தமே போட மாட்டேங்குது."
நன்றி சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மகன் ரீஸ், மீன் பெட்டி அடைக்கிற ஆலையில் இராவேலை.
நாலு இருபதுக்கு வீடு வருவான்.
முழங்கால், தோள், தடால்.
அரைத்தூக்கத்தில் அதைக் கேட்டுப்
புரண்டு படுத்தால் ஏழு மணி வரை முழுத்தூக்கம்.
இப்போது நாலு இருபது வருகிறது, போகிறது,
எதுவும் கேட்பதில்லை.
"மூணு ராத்திரியா கீழே இறங்கிப் போய்
அவன் பூட்ஸ் இருக்கான்னு பார்க்கிறேன்.
கொஞ்சமா மட்டும் கெடுத்துத் தர முடியுமா?"

இருபத்தாறு வருஷத்தில்
இப்படி ஒரு வேலை யாரும் சொன்னதில்லை.
"மணி கட்டலாமே?"
"மணி கட்டினா அவனுக்குத் தெரிஞ்சுடும்.
இருபத்திரண்டு வயசு."

கீலைத் தொட மனம் வரவில்லை.
வேனின் பின்புறம், தூக்கிப்போட வைத்திருந்த பெட்டியில்
ஸ்பிரிங் செத்த கைப்பிடி ஒன்று கிடந்தது.
விட்டால் தானாக விழும்: டொக்.
இதைத்தான் நேற்று ஒரு வீட்டில்
காசு வாங்கிக்கொண்டு கழற்றினேன்.

அவளை மாடிக்கு அனுப்பினேன்.
வாசலில் நான் ரீஸ் ஆனேன்:
களைத்த கை, திறந்து, நுழைந்து, சாத்தி,
தூக்கி, விட்டு.
டொக்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன்.
படுக்கையறை ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே
துடைக்க வழியில்லாத மூட்டம். அதற்குள்
அவள் கையை உயர்த்தியது தெரிந்தது.
கட்டைவிரலா, இன்னொரு முறை என்றா,
தெரியவில்லை.
இன்னொரு முறையும் செய்தேன்.

பில் புத்தகத்தை ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:
கைப்பிடி, ஒன்று. பழுதானது.
சரியாகப் பொருத்தப்பட்டது.