எத்தனை கிராம்

சால்ட்டோவில் ஆரஞ்சு மலிவு.
எங்களுக்கு மட்டும் கூடாது.
மாத்தே பானமும் இரண்டு மிடறுக்கு மேல் கூடாது.
கூடும் என்று டாக்டர் விட்டுவைத்தது
புத்தகம் ஒன்றுதான்.
அதற்கும் எடை உண்டென்று அவருக்குத் தெரியாது.

செவ்வாய், வியாழன், சனி.
நான்கு மணி நேரம், நான்கு நாற்காலி.
இடது கையில் இரண்டு ஊசி; அது அசையக் கூடாது.
ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்வரை
மிச்சமிருப்பது வலது கை.
ஆகவே இங்கே யாரும்
"கதை எப்படி?" என்று தொடங்குவதில்லை.
"எத்தனை கிராம்?"
அப்புறம்தான் கதை.
பாலத்துச் சுங்கச் சாவடியில்
முப்பது வருடம் பெட்டி திறந்தவன் நான்.
அட்டையைப் பார்த்தே எடை சொல்வேன்.

ஸுல்மா ஒருமுறை
மேலங்கிப் பையில் துப்பறியும் நாவலோடு
தராசில் ஏறிவிட்டாள்.
முன்னூற்று எண்பது கிராம் கூடுதல் என்று
இயந்திரம் அவளிடம் தண்ணீரைப் பிழிந்தது.
கெண்டைக்காலில் குரக்களி இழுத்துக் கத்தினாள்.
இன்றும் அதைத்தான் சிபாரிசு செய்கிறாள்:
"ஆளை உறிஞ்சும் புத்தகம். நான் சாட்சி."

ஒரிபே ஒரு கவிதை நூல் கொண்டுவந்தான்.
தொண்ணூறு கிராம்.
"லேசுதான், ஆனால் கை வலிக்கிறது" என்றான்.
பின்னட்டையில் 'அடுத்த பாகம் விரைவில்' என்று
அச்சிட்டிருந்தால் மட்டும்
நாங்கள் யாரும் தொடுவதில்லை.

நேலிதா, கசாப்புக் கடைக்குக் கணக்கெழுதியவள்,
அறுநூறு பக்க நாவலின் முதுகில்
ரொட்டிக் கத்தியை வைத்து நான்காகப் பிளந்தாள்.
ஆளுக்கொரு துண்டு, வாரம் ஒரு மாற்று.
எனக்கு முதலில் வந்தது மூன்றாவது.
யாரென்றே தெரியாத ஒருத்தி
யாரென்றே தெரியாத ஒருவனை
மன்னித்துக்கொண்டிருந்தாள்.
என்ன குற்றம் செய்தான் என்று
முதல் துண்டுக்காரி ஸுல்மாவைக் கேட்டேன்.
"இன்னும் ஒன்றும் செய்யவில்லை. நல்ல பையன்."
"ரெண்டாவதில் ஒரு கழுதை வருது,
அதுக்காகவே படிக்கலாம்" என்றாள் நேலிதா.
கடைசித் துண்டு ஒரிபேயிடம்.
அவன் வாயே திறக்கவில்லை.
கட்டைவிரலை நக்கிப் பக்கம் புரட்டுவான்,
தனக்குள் சிரிப்பான்.
அந்தச் சிரிப்பைக் கண்டாலே எங்களுக்கு எரிச்சல்.

மே மாதத்து ஒரு வியாழன்,
நான்காம் நாற்காலியில்
விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

இங்கே காலி நாற்காலிக்கு
இரண்டே அர்த்தம்.
அன்றைய நர்ஸ் புதியவள், அவளுக்குத் தெரியாது.
தெரிந்தவளை நாங்கள் கேட்கவில்லை.
மூன்று மடியில் மூன்று துண்டு.
முடிவு எங்கே என்று கேட்டால்
வேறெதையோ கேட்டதாகிவிடும்.
கழுதையைப் பற்றியே பேசினோம்,
சனி, செவ்வாய், மறுபடி வியாழன்.

பிறகு பேருந்தில் ஒரு பொட்டலம் வந்தது,
மொந்தேவிதேயோவிலிருந்து.
கடைசித் துண்டு. மேலே ஒரு தாள்:

"ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தது.
செருப்பு மாற்றக்கூட நேரமில்லை,
புத்தகம் கக்கத்திலேயே வந்துவிட்டது.
சிறுநீரகம் வேலை செய்கிறது.
நாவலின் முடிவுதான் செய்யவில்லை.
ஐந்நூற்று எழுபதாம் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.
இப்போது படிப்பது வேறு.
ஆயிரத்து இருநூறு கிராம்.
கட்டாயம் படியுங்கள்.
இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன்."

ஸுல்மா மூக்கைச் சிந்தினாள்.
நான் நேராக ஐந்நூற்று எழுபத்தொன்றைப் புரட்டினேன்.
தாளை மூன்று முறை படித்த நேலிதா
விரல்விட்டு எண்ணினாள்:
"ஆறாக அறுத்தால் துண்டுக்கு இருநூறு கிராம், தாங்கும்.
நாலாம் நாற்காலிக்கு
நாளைக்கு யாரோ வருகிறார்களாம்.
படிக்கிற ஆளா என்று தெரியவில்லை."